கரப்பானுக்கு நான் போட்ட கையெழுத்து

கரப்பான் பூச்சியின் நரம்பைப் படிக்கிறவனுக்கு முதல் சோதனை ஆய்வுக்கூடத்தில் இல்லை, வாடகைக்கு வீடு தேடும்போதுதான். பூச்சியால் பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா!

வீட்டுக்கார அம்மா

தொண்ணூற்றொன்றில் ஜோகுபாளையத்தில் வீடு பார்த்தேன். என்ன உத்தியோகம் என்று கேட்டார் வீட்டுக்கார அம்மா. பொய் சொல்லத் தெரியாத வயசு. கரப்பான் வளர்க்கிறேன், அதன் பின்னால் ஊதினால் எந்த நரம்பு துடித்து எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு சாவியை நீட்டிக்கொண்டே, "சம்பளம் குடுத்து வளக்கச் சொல்றாங்களா? நாங்க சும்மாவே வளக்கறோமே சார்!" என்றார்.

ஆறே மாசம்

எட்டு வருஷம் மாரடித்து, ஊதினாலும் ஓடாத ஒரு கரப்பான் வம்சத்தை உண்டாக்கியிருந்தேன். எனக்குத் தெரிந்து வேறெங்கும் கிடையாது. ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆராய்ச்சி நிலைய டைரக்டர் கூப்பிட்டு, நிர்வாகப் பொறுப்பைத் தலையில் கட்டினார். முடியாது என்று சொல்லத்தான் போனேன். சுழல் நாற்காலி, தனி டெலிபோன், வாசலில் என் பெயர்ப்பலகை எல்லாம் தயாராக இருந்தன. சபலம்தான், வேறென்ன! டைரக்டர் தோளைத் தட்டினார்: "ஆறே மாசம்ப்பா. உன் பூச்சி எங்கே ஓடிடப் போகுது?"

பயனாளிகள்

நிர்வாகம் என்றால் மற்றவர்கள் ஆராய்ச்சியைத் திருப்பி அனுப்புவது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் படிவத்தில் 'பயனாளிகள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம். தேனீயின் ஞாபகசக்தியை ஆராய விண்ணப்பித்த பெண் அதைக் காலியாக விட்டிருந்தாள். மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நேரிலேயே வந்து நின்றாள். "கூட்டைத் திறந்து தேனீயை எண்ணிப் போட்டுடட்டுமா சார்?"

எல்லா அறைகளிலும்

கேன்டீன் சாம்பாரில் கரப்பான் என்று புகார். கட்டடத்தின் எல்லா அறைகளிலும் மருந்து அடிக்க உத்தரவு தயாராகி என் மேஜைக்கு வந்தது. அன்றைக்கு ஃபைல் மலைபோல் கிடந்தது. படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ஹெப்பகோடியிலிருந்து மருந்துக்காரர்கள் வந்து, சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்தார்கள். நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு லேபுக்கு ஓடினேன். தொட்டி தொட்டியாக மல்லாந்து கிடந்தன. எட்டு வருஷம் போச்சு. அழுதேன் என்றால் சிரிப்பீர்கள். அழுதேன்.

அத்தனை வருஷமும் அவற்றுக்கு ரொட்டியும் தண்ணீரும் வைத்த லேப் உதவியாளர் ஸ்டெல்லாம்மா கதவோரம் நின்றிருந்தார். ஒரு வார்த்தை தடுக்கக் கூடாதா என்று கத்தினேன். "தடுத்தேன் சார். பேப்பரைக் காட்டினாங்க. உங்க கையெழுத்து. சரி, சாருக்கு இனிமே இதுங்க வேணாம் போலன்னு நான்தான் கதவைத் திறந்துவிட்டேன்."

ஊதினால் கரப்பான் எப்படி யோசிக்காமல் ஓடுகிறது என்று ஊருக்கெல்லாம் விளக்கிய நான், ஃபைலைக் கண்டால் என் கை எப்படி யோசிக்காமல் ஓடுகிறது என்று மட்டும் பார்க்கத் தவறி, அதே நாற்காலியில் இன்னும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.