நான்கு விரல் இடைவெளி

என் வண்டிக்குப் பின்பக்கம் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. அதற்குப் பதில் காற்று அடைத்த இரண்டு ரப்பர் பலூன்கள். பின்னால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அடியில் இருக்கும் சின்ன கம்ப்ரசர் ஓடி, பலூனில் காற்றை ஏற்றி, வண்டியைப் பழைய மட்டத்துக்கே தூக்கிவிடும். பாரத்தை இறக்கினால் தானாகவே காற்றை விட்டுவிடும். கொச்சியில் இந்தக் காரைப் பழைய வண்டியாக வாங்கியபோது விற்றவர் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னார். நான் பாதிதான் காதில் வாங்கினேன். அப்போது என் மனைவி நன்றாக இருந்தாள்.

பிறகு அவளுக்குப் புற்று வந்து முதுகெலும்பு வரை பரவியது. வியாழக்கிழமைதோறும் ஊசி போடத் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போக வேண்டும். உட்கார்ந்தால் வலி தாங்காது. பின்சீட்டை மடக்கி, மெத்தை விரித்து, அவளைப் படுக்க வைத்து ஓட்டிப்போவேன். வண்டி குலுங்கக் கூடாது. பெரிய கவலைகளையெல்லாம் டாக்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது இந்த ஒன்றுதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வண்டி பின்பக்கம் தரையோடு உட்கார்ந்து கிடந்தது. உருட்டிக்கொண்டு துறைமுகச் சாலையில் தெரிந்த மெக்கானிக்கிடம் போனேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தான்.

"உப்புக்காத்துல பலூன் வெடிப்பு விட்டுட்டு அண்ணாச்சி. கசியுத காத்துக்கு ஈடு குடுத்து ஓடி ஓடி கம்ப்ரசரும் கருகிட்டு. சாமான் வெளியூர்ல இருந்துதான் வரணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

"வியாழக்கிழமை போயாகணும் தம்பி."

"அப்ப இரும்பு ஸ்பிரிங் மாட்டித் தாரேன். ஓடும். ஆனா தூக்கிப் போடும், பாத்துக்கிடுங்க."

அந்த வியாழன் தூக்கித்தான் போட்டது. பின்பக்கம் மட்டும் உயர்ந்து, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் துள்ளியது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வல்லநாட்டுப் பாலம் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். போர்வையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் முன்னால் திரும்பி ஓட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மெக்கானிக்கிடம் கத்தினேன். அவன் பொறுமையாகச் சொன்னான்: "அந்த ஸ்பிரிங்கு பாரத்துக்குன்னு செஞ்சது. அக்கா எடை அதுக்குக் காணாது. இன்னும் எடைய ஏத்துங்க, அமுங்கும். எதப் போட்டாலும் அடியில தார்ப்பாய விரிச்சுக்கிடுங்க."

வேறு ஊராக இருந்தால் மணல் மூட்டை போட்டிருப்பார்கள். நான் உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். எடை என்றதும் என் கை உப்புக்குத்தான் போகும். அடுத்த வியாழன் மெத்தைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூட்டை போட்டேன். அவளைப் படுக்க வைத்துவிட்டு, பின் டயருக்கும் மேலே இருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தேன். சரியாக நான்கு விரல். வண்டி அன்று மெத்தென்று போனது.

"ரெண்டு பக்கமும் சக்களத்தியளக் கொண்டாந்து படுக்கப் போட்டுட்டீயளே!" என்றாள்.

"ரெண்டும் வாயில்லாததுக. ஒன்ன மாதிரி பேசாது."

சிரித்தாள். சிரித்தால் முதுகு வலிக்கும். அதற்கும் என்னைத்தான் திட்டினாள்.

அதன்பிறகு ஒவ்வொரு வியாழனும் புறப்படும் முன் கையை விட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டு மாதம் நான்கு விரல்தான். அப்புறம் ஒரு வியாழன் விரல்களுக்கு மேலே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். வண்டி மறுபடி துள்ளத் தொடங்கியது. மூட்டையில் உப்பு குறையவில்லை. நான் கம்பெனிக்குப் போய் ஒரு சின்ன மூட்டை கட்டிவந்து அவள் கால்மாட்டில் வைத்தேன். மறுபடி சரியாக நான்கு விரல்.

"மூணாவதா ஒருத்தியா?"

"ரோடு ரொம்ப மோசமாயிட்டுல்லா."

"ரோட்டுக்கா எடை கொறையுது?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் வண்டியை எடுத்தேன்.

மழை தொடங்கி உப்பளத்தில் உப்பு வாருவது நின்ற வாரத்தில் அவள் இறந்துபோனாள். நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், டீ குடித்தீர்களா என்று கேட்டேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டான் என்று யாரோ பாராட்டினார்கள். நான் ஒன்றும் ஆக்கிக்கொள்ளவில்லை. எனக்கு எதுவுமே உறைக்கவில்லை, அவ்வளவுதான். விடிந்தது, குளித்தேன், வேலைக்குப் போனேன்.

ஒரு நாள் மெக்கானிக் போன் செய்தான். "அண்ணாச்சி, பலூன் வந்துட்டு." அவன் கூப்பிட்டான் என்பதற்காகப் போனேன்.

மூட்டைகள் வண்டிக்குள்ளேயே இருந்தன. மழை ஈரத்தில் உப்பு கசிந்து, அடித்தகடு துருவேறியிருந்தது. "தார்ப்பாய் விரிக்கச் சொன்னேம்லா?" என்றான். மறந்துவிட்டேன் என்றேன். உப்போடு பிழைக்கிறவன் செய்கிற காரியமா இது என்று கேட்டுக்கொண்டே மூட்டைகளை இறக்கினான். இரும்பைக் கழற்றி, பலூன், கம்ப்ரசர், உயரம் பார்க்கும் சென்சார் எல்லாம் புதிதாக மாட்டினான்.

"பின்னால ஏறுங்க, பாப்போம்."

அவள் தலை வைத்துப் படுத்த இடத்தில் உட்கார்ந்தேன். கம்ப்ரசர் முனகி ஓடி வண்டியைத் தூக்கியது. இறங்கினேன். புஸ்ஸென்று காற்றை விட்டுப் பழைய உயரத்துக்கே வந்து நின்றது.

அவனுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியளா! ஏறினாலும் எறங்கினாலும் ஒரே மட்டம். உள்ள ஆளு இருக்கா, எறங்கிட்டான்னு வெளிய நின்னு கண்டுபிடிக்கவே முடியாது."

அவன் வண்டியைப் பற்றித்தான் சொன்னான். எனக்கு எரிச்சலாக வந்தது, அவன்மேல், வண்டிமேல், இத்தனை நாள் குளித்து வேலைக்குப் போன என்மேல்.

"அந்தப் பழைய இரும்பையே மாட்டிரு தம்பி."

"கிறுக்கா அண்ணாச்சி ஒங்களுக்கு?" என்று சிரிக்கப் போனவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்தான்.

அவன் மாட்டி முடித்ததும் தார்ப்பாய் விரித்து மூட்டைகளை நானே ஏற்றினேன். பக்கத்துக்கு ஒன்று, கால்மாட்டில் சின்னது. பின் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து கையை விட்டேன். நான்கு விரலும் உள்ளே போன பிறகும் இன்னொரு விரலுக்கு இடம் இருந்தது. கடைசியில் அவள் அந்த ஒரு விரல் கனம்தான் இருந்திருக்கிறாள். கையை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.