பெயர் சொல்லாத சாட்சி

எங்கள் கல்யாணத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் காப்பி பறிக்க வந்தவர்கள். பழம் பறித்து முடிந்ததும் கடல் தாண்டி அக்கரைக்கு நடையைக் கட்டிவிட்டார்கள். புசல்லாவைத் தோட்டத்துக் கோயிலில் அவர் எனக்குத் தாலி கட்டியபோது, பின்னால் சாட்சிக்கு ஆள் தேவைப்படும் என்று யாருக்குத் தோன்றும்? பந்திச் சோறு போதுமா என்பதுதான் அன்றைய கவலை. கூலிக்கு வந்த குடும்பத்தில் பெண் எடுப்பதா என்று அவருடைய அண்ணன் ஊரிலிருந்து எட்டிப் பார்க்கவில்லை.

பிறகு கண்டிக்கு வந்து, காப்பி மூட்டைக்குச் சாக்கும் கயிறும் விற்கிற கடை போட்டோம். பக்கத்துத் தெருவில் ஒரு வீடும் வாங்கினார். பத்திரம் எழுதிய நொத்தாரிசு, கையோடு மரண சாசனமும் எழுதி வைக்கச் சொன்னாராம். பிள்ளை இல்லாத வீடு, நாளைக்குப் பெண்சாதி அல்லாடக் கூடாது என்றாராம். இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நன்றாக இருக்கிற மனிதன் தன் கருமாதிக்குத் தானே நாள் குறிப்பானா என்பது அவர் கட்சி. எனக்கும் அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. காய்ச்சல் எங்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஒரு மழைக்காலத்தில் அவரைக் கொண்டு போய்விட்டது.

கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் அண்ணன் தன் மனைவியோடு வந்து இறங்கினார். அழுதார், சாப்பிட்டார், பிறகு நேரே கோர்ட்டுக்குப் போனார். தம்பிக்குக் கல்யாணமே ஆகவில்லை, நான் அவர் வைத்துக்கொண்டிருந்தவள், ஆகவே எல்லாம் தனக்கே என்று வழக்கு.

எனக்காகக் கோர்ட்டில் பேச வந்த வக்கீல், பெரக்கிராசி என்பார்கள், யாழ்ப்பாணத்துக்காரர். கட்டிய மனைவி என்று தீர்ப்புச் சொல்லும் துரை ஒப்புக்கொண்டால் சொத்தில் பாதி எனக்கு, மீதி அண்ணனுக்கு. இல்லையென்றால் நான் தெருவில்தான் என்று விளக்கினார். சாட்சி தேடிப் புசல்லாவைக்குப் போனேன். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் எல்லாம் புது முகங்கள். என் கல்யாணச் சோறு தின்றவர்களில் பாதிப் பேர் அக்கரையில், பாதிப் பேர் மண்ணுக்குள். என்னைப் பெற்றவர்களும் அந்த மண்ணுக்குள்தான். தாலியையும் கழற்றியாயிற்று. காட்ட என்னிடம் ஒன்றுமே இல்லை. அந்த மலைப்பாதையில் திரும்பி வரும்போது ஒப்பாரி வைத்து அழுதேன். கேட்க ஆளில்லாததால் தாராளமாகவே அழ முடிந்தது.

கண்டித் தெருக்காரர்கள் வந்து, நாங்கள் ஒரே வீட்டில் இருந்ததைச் சொன்னார்கள். அது வைத்துக்கொண்டவளுக்கும் பொருந்தும் என்று எதிர்ப்பக்கத்து வக்கீல் தட்டிவிட்டார். பிறகு என்னிடம் ஒரே கேள்வி கேட்டார்: இறந்தவரின் பெயர் என்ன?

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டியவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று என்னை வளர்த்திருந்தார்கள். இனிக் குறைய ஆயுள் இல்லைதான். ஆனாலும் நாக்கு எழவில்லை. புருஷன் பெயர்கூடத் தெரியாத மனைவி என்று அந்த வக்கீல் சிரிக்க, துபாசி அதை இங்கிலீஷில் சொல்ல, துரை எழுதிக்கொண்டார்.

“பேரைச் சொல்லுங்கோ அம்மா, இல்லாட்டி வீடு போயிடும்,” என்றார் என் பெரக்கிராசி, குனிந்து மெதுவாக.

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அடுத்து அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி, கூண்டில் ஏறினாள். அப்படி ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை என்று கூசாமல் சத்தியம் செய்தாள். என் பெரக்கிராசி எழுந்தார்.

“உங்கட புருஷன்ர பேர் என்ன?”

அவள் எதிரே உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். துபாசி இன்னொரு தடவை கேட்டார். பொய்ச்சத்தியம் செய்ய முடிந்தவளுக்கு அது மட்டும் முடியவில்லை. எங்கள் பெண்கள் கட்டியவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்று பெரக்கிராசி துரைக்கு எடுத்துச் சொன்னார். துரை அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முன்பு எழுதியதை அடித்தார்.

கடை அவர்களுக்கு, வீடு எனக்கு என்று தீர்ந்தது. வெளியே வந்ததும், “அக்கா” என்று கூப்பிட்டேன். சண்டை போடுவதற்கென்றாலும் இந்த நாட்டில் எனக்கு உறவு என்று இருந்தவள் அவள் ஒருத்திதான்.

“ஒனக்குத்தான் வீடு கெடைச்சிருச்சில்ல, போ,” என்றாள். அண்ணன் வண்டியில் ஏறியிருந்தார். அவளும் ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றினேன். “என்னங்க, வீடு நமக்குத்தானாம்,” என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். பதில் வருகிறதா என்று கொஞ்ச நேரம் நின்றும் பார்த்தேன்.