ஒட்டுதலை அளக்க வந்த டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தின் மீது எங்களுக்கு எவ்வளவு ஒட்டுதல் இருக்கிறது என்று அளந்து பார்க்க ஒரு நாள் டவுனிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அறுபதுகளின் நடுப்பகுதி. சிறுமியான நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த தமிழர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தகரக் கூரை, பலகைச் சுவர், முன்னால் ஒரு திடல், திடலைச் சுற்றிக் கம்பிவேலி. வருஷத்துக்கு வருஷம் பிள்ளைகள் குறைந்துகொண்டிருந்தார்கள். வீட்டில் கொஞ்சம் வசதி வந்ததும் ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்களாவது நிலைப்பார்களா என்று மேலே யாருக்கோ கவலை வந்திருக்க வேண்டும்.

என்னைத் தினமும் பள்ளிக்கு அழைத்துப் போனது அக்கா. முந்தைய வருஷம் வரை அவளும் அங்கேதான் படித்தாள். அம்மாவைக் காசநோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அப்பா அவளை நிறுத்திவிட்டார். அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. எத்தனையோ வீட்டுக் காரியங்களைப் போல அதுவும் சத்தமில்லாமல் நடந்து முடிந்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். நான் வகுப்புக்குள் போன பிறகும் உடனே திரும்ப மாட்டாள். வேலிக்கு வெளியே நின்று, உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். நடந்து வந்த களைப்பு ஆற நிற்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

டவுன் டீச்சர் இளம்வயதுக்காரர். வெள்ளைச் சேலை கட்டி, கைக்கடிகாரம் போட்டிருந்தார். திடலில் சுண்ணாம்புத் தூளால் கோடுகள் போடச் சொன்னார். முதல் கோடு கொடிக்கம்பத்தின் அருகே, கடைசிக் கோடு வேலியை ஒட்டி. எங்களையெல்லாம் வெளியே அழைத்து விளக்கினார்.

"இந்தப் பள்ளிக்கூடத்தை ரொம்பப் பிடிக்கும், லீவு விட்டாக்கூட இங்க வரணும்னு தோணும்னா கொடிக்கம்பத்துக்கிட்ட நில்லுங்க. வேற பள்ளிக்கூடம் போனாத் தேவலைன்னு இருந்தா கடைசிக் கோட்டுக்குப் போங்க. ரெண்டுக்கும் நடுவுல இருக்கவங்க நடுவுல நில்லுங்க. மனசுல உள்ளபடி நில்லுங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."

தலைமையாசிரியர் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொடிக்கம்பத்தடியில்தான் நின்றிருந்தார். அதனால் மனத்தில் உள்ளது எதுவாக இருந்தாலும் அந்தப் பக்கம் போகப் பலருக்குத் துணிவில்லை. பெரிய வகுப்புப் பையன்கள் கூட்டமாகக் கடைசிக் கோட்டுக்கு ஓடினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், ஐஸ் உருண்டையில் சிவப்புப் பாகு ஊற்றி விற்கும் மலாய்க்காரர் வண்டியை நிறுத்தியிருந்தார். நான் நடுக்கோட்டில் நின்றேன். அங்கேதான் மரநிழல் இருந்தது. பள்ளிக்கூடத்தோடு எனக்கிருந்த ஒட்டுதல் அவ்வளவுதான்.

தலைமையாசிரியரின் முகம் சுருங்கிவிட்டது. அந்தப் பள்ளியின் ஒழுகும் கூரையைத் தானே ஏணி வைத்து ஏறி அடைப்பவர் அவர்.

"டேய், இந்தப் பக்கம் வாங்கடா" என்றார்.

"கூப்பிடாதீங்க சார். அவங்களா நிக்கட்டும்" என்றார் டீச்சர்.

அப்போதுதான் வேலிக்கு வெளியே நின்ற அக்கா அவர் கண்ணில் பட்டாள். கடைசிக் கோட்டையும் தாண்டிப் போய்விட்ட பிள்ளை என்று நினைத்துவிட்டார் போலும்.

"ஏம்மா, வெளியவே போயிட்டியா? உள்ள வந்து உனக்குத் தோணுற எடத்துல நில்லு" என்று குரல் கொடுத்தார்.

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு வாசல் வழியாக உள்ளே வந்தாள். பையன்களைத் தாண்டி, என்னையும் தாண்டி, எங்கேயும் நிற்காமல் நேராகக் கொடிக்கம்பத்துக்குப் போனாள். தலைமையாசிரியருக்குப் பக்கத்தில், தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். அவள் அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

"எந்த வகுப்பும்மா?"

"அஞ்சாம் வகுப்பு டீச்சர்" என்றாள் அக்கா.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அஞ்சாவதுல இருந்த பிள்ளைதான். போன வருஷம் நிறுத்திட்டாங்க. வீட்ல அம்மாவுக்கு முடியலை."

டீச்சர் தம்பியின் கன்னத்தைத் தொட்டார். "பாவம். ஆனா இந்தப் பிள்ளையைக் கணக்குல சேர்க்க முடியாது சார். இப்பப் படிக்கிறவங்க மட்டும்தான்."

"சரிங்க டீச்சர்" என்றாள் அக்கா. நகரவில்லை. "எல்லாரும் போற வரைக்கும் இங்க நின்னுட்டுப் போறேன்."

டீச்சர் தலையசைத்துவிட்டுக் கோடு கோடாக எண்ணத் தொடங்கினார். கொடிக்கம்பத்தருகே வந்தபோது அக்காவை விட்டுவிட்டு எண்ணினார். தம்பி சிணுங்கினான். அக்கா அவன் முதுகைத் தட்டிக்கொண்டே கடைசி வரை நின்றாள்.

அன்று சாயங்காலம் தலைமையாசிரியர் சைக்கிளில் எங்கள் குவாட்டர்ஸுக்கு வந்துவிட்டார். அப்பா வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"குழந்தையையும் தூக்கிக்கிட்டு வரட்டுங்க. பின் பெஞ்சுல உட்காரட்டும். நான் பார்த்துக்கிறேன்."

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "குழந்தை அழுதா மத்த பிள்ளைங்க எப்படி சார் படிக்கும்? இங்க அடுப்பு யாரு பத்த வைக்கிறது? அவ அம்மா வரட்டும். பார்க்கலாம்."

அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள். தலைமையாசிரியர் அதைக் குடித்து முடித்து, நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போகும்போது சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார்.

அம்மா வீடு திரும்ப ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அக்கா தாவணி போடுகிற பெண்ணாகிவிட்டாள். ஐந்தாம் வகுப்புப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கடற்படைத் தளம் மூடியதும் குடும்பங்கள் கலைந்தன, பள்ளியும் போயிற்று. இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தத் திடல் எங்கே இருந்திருக்கும் என்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே தேடுகிறேன்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. தலைமையாசிரியர் வந்துபோன மறுநாள் காலை, அக்கா வழக்கம்போல என்னை அழைத்துக்கொண்டு கிளம்பினாள். பள்ளியின் கூரை தெரிகிற திருப்பம் வந்ததும் நின்று, என் கையை விட்டாள்.

"இனிமே இங்கேருந்து நீயே போயிடுவேல்ல?"

போய்விடுவேன் என்றேன். அவள் தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். நான் பை முதுகில் குதிக்கக் குதிக்க ஓடினேன். அக்கா இல்லாமல் தனியாக வந்தேன் என்று அன்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நான் பெரிய பெண்ணாகிவிட்டேன் என்பதைக் கடைசியில் அக்காவும் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.