அவர் அழுத்தி எழுதிய எண்கள்

புனிதமலர் அக்கா இறந்த செய்தி அலுவலக மின்னஞ்சலில், பிரெஞ்சில் வந்தது. முதல் வரியில் வருத்தம். இரண்டாம் வரியில் ஒரு கேள்வி: அவருடைய அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது? அவரை அறிந்த உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பில் பிறந்து, கனடாவின் மொன்றியல் நகரில் செயின்ட்-மிஷேல் பகுதியில் வாழ்ந்த அக்கா, அந்நகரின் ஆவணக் காப்பகம் ஒன்றில் பழைய தாள்களைக் கோதுமைப் பசையால் ஒட்டிச் செப்பனிட்டு வந்தார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற எனக்கு அங்கே அவருடைய பக்கத்து மேசை. நான் யாரோடும் பேசமாட்டேன். "என்ன புள்ள, வாயையும் கோதுமைப் பசை போட்டு ஒட்டிட்டாங்களா?" என்பார்.

பசிபிக் கடலின் மெலனீசியத் தீவுகளின் மொழிகளை நெடுங்காலத்துக்கு முன் சேகரித்த ஓர் இனவரைவியலாளரின் குறிப்புச் சீட்டுகள் பெட்டி பெட்டியாக எங்கள் பொறுப்பில் இருந்தன. சீட்டுக்கு ஒரு சொல். ஒருவர் சொன்ன சொற்களெல்லாம் நூலால் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருந்தன. சொன்னவரின் பெயர் மேற்சீட்டில் மட்டும். ஸ்கேன் வேலை விரைவாக முடியட்டும் என்று, நூலை வெட்டி எல்லாவற்றையும் எழுத்து வரிசையில் அடுக்கச் சொன்னார் திட்ட மேலாளர்.

"சொல்லை வச்சிருந்து, சொன்ன ஆளைத் துலைக்கிறதா?" என்று வெடித்தார் அக்கா. நூலை வெட்டுமுன் ஒவ்வொரு சீட்டின் பின்மூலையிலும் கட்டின் எண்ணைப் பென்சிலால் எழுதினார். எந்த எண் யாருடையது என்ற பட்டியலை அலமாரியில் பூட்டி, சாவியைப் பசைக் கிண்ணத்தின் அடியில் ஒளித்தார். அது எனக்கு மட்டும் தெரியும். பென்சில் தாளை மெல்லத்தான் தொடவேண்டும் என்பது எங்கள் தொழிலின் விதி. அக்கா கோபத்தில் அழுத்துவார்.

மூல ஆவணத்தைச் சேதப்படுத்தியதாக மேலாளர் அவரைக் கூட்டத்தில் எச்சரித்தார். பென்சிலில் எண்ணிடுவது காப்பகங்களின் வழக்கம் என்பது மேலாளருக்கே தெரியும். என் கருத்தைக் கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். எண்களை அழிக்கும் வேலையை என்னிடமே தந்தார்.

படியிறங்கும்போது அக்கா கேட்டார்: "பட்டம் தந்தவங்கள் நாக்கைக் கழட்டி வாங்கிட்டுத்தானா தந்தவங்கள்?"

பிறகு நோயில் விழுந்தார். தோடம்பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுகம் கேட்க விடவில்லை.

"எத்தினை பெட்டி அழிச்சிட்டாய்?"

"ஒண்டு, அக்கா."

"தோடம்பழத்தை நீயே கொண்டு போ."

அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மின்னஞ்சல் அவரை "அமைதியான சக ஊழியர்" என்று புகழ்ந்திருந்தது. பச்சைப் பொய். அமைதியாக இருந்தவள் நான். அதனால் ஒரு பெட்டி மனிதர்கள் பெயரற்றுப் போனார்கள்.

அன்றே அந்தப் பெட்டியை எடுத்தேன். ஒரு சீட்டைக் கவிழ்த்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். பென்சில் கரி போயிருந்தது. அக்கா அழுத்திய பள்ளம் தாளில் இருந்தது. பதினேழு. அடுத்த சீட்டிலும் பதினேழு.

பசைக் கிண்ணத்தின் அடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் போகும்படி பதில் எழுதினேன்: சாவி என்னிடம் இருக்கிறது. பெயர்ப் பட்டியலும் இருக்கிறது. இனி ஓர் எண்ணையும் அழிக்க மாட்டேன்.

மேலாளர் என் மேசைக்கு வந்து, யார் அனுமதி தந்தது என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வெளியே வந்தது.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு கட்டைப் பென்சில். நான் அழித்த எண்களை அதனால் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுகிறேன். விதி எனக்குத் தெரியும். அழுத்தித்தான் எழுதுகிறேன்.