கல்லறைத் தோட்டத்தில் விட்ட வெள்ளை முயல்கள்

மகள் கேட்டாளே என்று ராயபுரம் வீட்டு மொட்டை மாடியில் நியூசிலாந்து வெள்ளை முயல் ஒரு ஜோடி வளர்த்தேன். ஆறே மாதத்தில் கூண்டு கொள்ளவில்லை. நாற்றம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள். குட்டிகளைக் கறிக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எங்கள் பக்கம் புல் பச்சையாக இருக்கிற ஒரே இடம், அப்பாவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டம்தான். ஒன்பது முயல்களைக் கட்டைப்பைகளில் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டு, ஏதோ பெரிய புண்ணியம் செய்தவள்போல் திரும்பினேன்.

கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு போனால், அப்பா கல்லறையின் ஓரம் மண் சரிந்து சிலுவை சாய்ந்திருந்தது. அடியில் முயல் தோண்டிய வளை. காவலாளி அந்தோணி அண்ணன் நட்டு வளர்த்த வேப்பங்கன்றுகள் பட்டை உரிந்து காய்ந்து நின்றன.

“எவனோ மொயல கொண்டாந்து வுட்டுட்டு பூட்டான்மா. வெள்ளையா கீதுல்ல, பாதிய நாய்ங்க கடிச்சிப் போட்டுச்சி. மீதி என் கன்னுங்கள தின்னுட்ச்சி” என்றார்.

“ஐயோ, அப்படியாண்ணே?” என்றேன். குனிந்து சிலுவையை நிமிர்த்தி வைத்தேன்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஜோடியை இப்போது தனித்தனிக் கூண்டில் வைத்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் போய், அவர் புதிதாக நட்ட கன்றுகளுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுகிறேன். “உன்னாட்டம் நாலு பேரு இருந்தா போதும்மா” என்பார். எனக்குத் தலை நிமிராது.

படித்து முடித்த பத்திரிகைகளை அவருக்குக் கொடுப்பது என் வழக்கம். இது அச்சாகி வரும் இந்த இதழையும் கொடுக்கத்தான் போகிறேன்.