மேஜைமேல் கெசையா அம்மாள்

கவிழ்த்துப் போட்ட பீப்பாயின் மேல் ஏறி நின்று, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, கெசையா அம்மாள் தன் ஆப்பிள் தோட்டத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறார். "காலேப் ஸ்விங்!" என்று கத்துகிறார். கடைசி வரிசை மரத்தடியில் மேயும் வாத்துகள் தலையைத் தூக்கிப் பார்த்தால் சத்தம் போதும். பார்க்காவிட்டால் இன்னொரு முறை. நியூ ஜெர்சியில் எங்கள் பக்கத்தில் ஓட்டு என்பது வாயால் சொல்வது. விடுதிக் கூடத்து மேஜைமேல் ஏறி, யாருக்கு என்று ஊர் கேட்கச் சொல்ல வேண்டும். மென்று முழுங்கினால் எழுத்தர் எழுத மாட்டார். அதனால் அக்டோபர் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அம்மாள் தொண்டையைச் சாணை பிடிக்க ஆரம்பித்துவிடுவார்.

நாற்பதைத் தாண்டிய விதவை. அகலமான உடம்பு, அவசரமான நடை, தலையில் எந்நேரமும் செத்துப்போன கணவரின் தொப்பி. ஆப்பிளைச் செக்கில் ஆட்டி, சாற்றைப் புளிக்கவைத்து மதுவாக்கி விற்கிறார். செக்கு இழுக்கும் குதிரையோடு நாள் முழுக்கப் பேசுவார். பீப்பாய் பக்குவமா என்று பார்க்க அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்பார். "உள்ள இன்னும் சண்டை நடக்குது, விடு" என்பார். சில நாள் கழித்துக் கேட்டுவிட்டு, "ம், சமாதானம் ஆயிருச்சு. எடு குவளையை" என்பார்.

சுதந்திரப் போர்க்காலத்தில் இங்கிலாந்து அரசருடைய படை வந்து அவர் வாத்துகளில் பாதியைத் தின்றது. செக்கு மரத்தைப் பிளந்து குளிர் காய்ந்தது. பின்னாலேயே எங்கள் படை வந்து மிச்ச வாத்துகளைத் தின்றது; அதற்கு விலையாக ஒன்றுக்கும் உதவாத காகிதப் பணத்தைக் கொடுத்தது. அந்தக் காகிதத்தில் அம்மாள் அடுப்புப் பற்றவைத்தார். கணவர் டோபையாஸ் ஊர்ப்படையோடு போய், ஒரு குண்டும் சுடாமல், முகாமில் காய்ச்சல் கண்டு இறந்தார். அதைப் பற்றி அம்மாள் பேச மாட்டார். வாத்துகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார். "ரெண்டு சர்க்காரும் என் வாத்தைத் தின்னுச்சு. ஒண்ணுதான் உனக்கு யாரு வேணும்னு கேட்டுச்சு. நான் எந்தப் பக்கம்னு இப்பத் தெரியுதா?"

அரசர் வேண்டாம் என்று முடிவான 1776-ஆம் வருஷக் கோடையில் எங்கள் ஆட்கள் அவசர அவசரமாக நியூ ஜெர்சிக்கு ஒரு சட்டம் எழுதினார்கள். ஐம்பது பவுண்டு சொத்துள்ள எல்லாக் குடிகளும் ஓட்டுப் போடலாம் என்று அதில் இருந்தது. பெண்கள் கூடாது என்று எழுத மறந்தார்களா, தெரிந்தேதான் விட்டார்களா என்று ஊரில் இன்னும் வாதம் நடக்கிறது. அம்மாள் அந்த வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. கணவர் இறந்தபின் தோட்டமும் செக்கும் அவர் பெயருக்கு வந்திருந்தன. போய் மேஜைமேல் ஏறிவிட்டார். இந்த வருஷம் பிலடெல்ஃபியாவில் பெரிய மனிதர்கள் கோடை முழுவதும் ஜன்னலைக்கூடச் சாத்திக்கொண்டு பதின்மூன்று மாகாணங்களுக்கும் சேர்த்து ஒரு சட்டம் எழுதினார்கள் என்று செய்தி வந்தபோது, "ஜன்னலைச் சாத்திட்டா? பாவம், வேர்த்துக் கொட்டியிருக்குமே! இங்க அனுப்பட்டும், நாம திறந்துவச்சுப் படிப்போம்" என்று சிரித்தார்.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் குறுக்கே வந்தவர் லெமுவெல் கோல். அம்மாளுக்குப் பீப்பாய் செய்து தருபவர். நெட்டையான, கூச்சப்படுகிற, நல்ல மனிதர். அவர் வருகிற நாளில் மட்டும் அம்மாள் கணவரின் தொப்பியைக் கழற்றிவிட்டு லேஸ் வைத்த குல்லாய் போடுவார். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் கல்யாணம் ஆன மறுநிமிஷம் தோட்டம், செக்கு, வாத்து எல்லாம் கணவர் சொத்தாகிவிடும். சொத்துப் போனால் ஓட்டும் போச்சு. "தேர்தல் முடியட்டும்யா" என்பார் அம்மாள். முடியும். புது அரசாங்கத்தின் புண்ணியத்தில் அடுத்த வருஷமே இன்னொரு தேர்தல் வந்து நிற்கும்.

இந்தச் செப்டம்பரில் லெமுவெலுக்குப் பொறுமை போய்விட்டது. பென்சில்வேனியாவில் இருக்கும் அண்ணனிடமே போய்விடுகிறேன் என்றார். "போறதுன்னா போய்யா, யாரு புடிச்சா?" என்றார் அம்மாள். அன்றைக்குச் செக்குக் குதிரையிடம்கூட ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்தல் நாளன்று விடுதி வாசலில் லெமுவெலின் ஒற்றைக் குதிரை வண்டி ரம்பமும் இழைப்புளியும் இரும்பு வளையங்களும் ஏற்றிப் பயணத்துக்குத் தயாராக நின்றது. ஓட்டுப் போட்டதும் கிளம்புவதாக இருந்தார். உள்ளே வேட்பாளர்கள் செலவில் ரம் ஆறாக ஓடியது. ஆற்றுக்குப் பாலம் கட்டுவேன் என்ற ஸ்விங்கும், பாலம் எதற்கு என்ற ஹென்ட்ரிக் போஸ்ட்டும் ஓட்டில் சரிக்குச் சரியாக வந்துகொண்டிருந்தார்கள். வருஷாவருஷம் பீப்பாய் வண்டியோடு ஆற்றில் மாட்டிக்கொள்கிறவர் கெசையா அம்மாள். அவர் மேஜைமேல் ஒரு காலை வைத்ததுமே போஸ்ட்டின் மைத்துனர் ஜபெஸ் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துங்க! இந்தம்மா ஓட்டு செல்லாது. இந்தப் பீப்பாய்க்காரர் நாலு வருஷமா அவங்க வீடே கதின்னு கிடக்கார். ரகசியமா கல்யாணம் முடிஞ்சிருக்கும்!"

"உன் வாயில புழு வைக்க!" என்றார் அம்மாள்.

தேர்தல் அதிகாரி அப்னர் டிரேக் மேஜையைத் தட்டினார். "அம்மா, நீங்க சொன்னா மட்டும் பத்தாது. அவரும் சத்தியம் பண்ணிச் சொல்லணும். லெமுவெல், இப்படி வாங்க."

அம்மாள் கதவருகே நின்ற லெமுவெலைப் பார்த்தார். ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர். 'எனக்கெதுக்கு வம்பு' என்று வண்டியேறிப் போய்விட்டால் போதும், அம்மாள் மேஜையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

லெமுவெல் வந்தார். பைபிள்மேல் கையை வைத்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"இவங்க என் பொண்டாட்டி இல்லைங்க."

"அதுக்கு என்ன ருசு?" என்றார் ஜபெஸ்.

"ருசுவா?" என்றார் லெமுவெல். "முதல் வருஷம் செக்கடியில கேட்டேன். சிரிச்சாங்க. மறு வருஷம் நல்ல சட்டை போட்டுட்டு சர்ச் வாசல்ல கேட்டேன். மழை வருது, வைக்கோலை மூடணும்னு போயிட்டாங்க. அப்புறம் ஒரு பீப்பாய் செஞ்சு, அடியில ரெண்டு பேர் பேரையும் செதுக்கிக் குடுத்தேன். அதுல முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்டாங்க. போன மாசம் சேத்துல முட்டி போட்டுக் கேட்டேன். அவங்க வாத்து வந்து என்னைக் கடிச்சுது. எங்க கடிச்சுதுன்னு சபையில சொல்ல மாட்டேன், வேணும்னா தனியாக் காட்டுறேன். இதுக்கு மேல ஒரு மனுஷன் கல்யாணம் ஆகாதவன்னு எப்படிங்க நிரூபிக்கிறது?"

கூடம் குலுங்கிச் சிரித்தது. எழுத்தர் சிரித்த சிரிப்பில் மைக்கூடு கவிழ்ந்தது. ஜபெஸே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லெமுவெல் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க ஓட்டை எழுதிக்குங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அம்மாள் மேஜைமேல் ஏறினார். ஒரு மாதம் பழக்கிய தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"கேக்கலைம்மா" என்றார் எழுத்தர்.

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "காலேப் ஸ்விங்!" என்று அவர் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த குதிரைகள் மிரண்டன. ஸ்விங் எழுந்து தலை குனிந்து நன்றி சொன்னார்.

அடுத்தது லெமுவெல். அவரும் ஸ்விங் பெயரையே சொன்னார்.

"ஊரை விட்டுப் போறவருக்குப் பாலம் எதுக்கு?" என்றார் ஜபெஸ்.

"அவங்க வண்டி மாட்டிக்கும்ல" என்றார் லெமுவெல். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அம்மாளும் பின்னாலேயே போனார். "வர்றேன் அம்மணி" என்று லெமுவெல் வண்டியில் ஏறக் காலைத் தூக்கினார். அம்மாள் நேரே குதிரையிடம் போய், வண்டியோடு பிணைத்திருந்த வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். முன்பாரம் தாங்காமல் வண்டி சாய, லெமுவெல் பதறி ஓடி ஏர்க்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். விடுதிக் கூட்டம் முழுவதும் வாசலில் நெருக்கியடித்துப் பார்த்துக்கொண்டிருக்க, கெசையா அம்மாள் அந்தக் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துத் தன் தோட்டத்தை நோக்கி நடத்திக்கொண்டு போனார்.