உயிர்த் தண்ணீரும் ஒரு துருப்பிடித்த பூட்டும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு என் மைத்துனர் பழனிச்சாமி ஒரு பூட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நேரத்தைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன்... பழக்கம்!

திண்டுக்கல்லுக்கு வெளியே, சிறுமலையைப் பார்த்த தோட்டம். மழை ஈரத்தை நம்பிக் கத்தரி நாற்று நட்டிருந்தார். மழை நின்றுபோனது. நட்ட மூன்றாம் நாள் பாய்ச்சுகிற தண்ணீருக்கு விவசாயிகள் வைத்திருக்கும் பெயர் உயிர்த் தண்ணீர். அன்றுதான் மூன்றாம் நாள். நாற்றெல்லாம் தலை சாய்ந்து கிடந்தது. கிணறு நிறையத் தண்ணீர். மோட்டார் ரூம் பூட்டுதான் திறக்கவில்லை. கரண்ட்டோ பதினொன்றரை வரைக்கும்தான்!

கடப்பாரையைத் தூக்கியவரை நிறுத்திவிட்டு, அந்தப் பூட்டைச் செய்த மாரிமுத்துவையே சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்தேன்.

"என்னப்பு பூட்டு செஞ்சிருக்க? வாங்குனவனுக்கே தெறக்க மாட்டேங்குது!" என்றார் பழனிச்சாமி.

மாரிமுத்து சாவித் துவாரத்தில் ஊதிப் பார்த்தார். "கடைசியா எண்ணெய் எப்பண்ணே போட்டீக?"

"போன மாசம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "புரட்டாசியில மோட்டார நிறுத்துன அன்னைக்கு, 'நாளைக்குப் போடுறேன்'னு சொன்னீங்க மச்சான். டைரில இருக்கு. அதுக்கப்புறம் பூட்டை யாரும் தொடவே இல்லையே?"

"மாப்ளே, நீங்க எனக்கு மாப்பிள்ளையா, பூட்டுக்கு மாப்பிள்ளையா?"

மாரிமுத்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். "செத்த நேரம் ஊறட்டும். துரு பூட்டோட குத்தமில்லண்ணே. காத்தோட குத்தம்."

காற்றின் குற்றமா? சமீபத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆதியில் பூமியின் காற்றில் பிராணவாயு அநேகமாகக் கிடையாதாம். கடலில் மிதந்த கண்ணுக்குத் தெரியாத பாசிகள், வெயிலைத் தின்று வெளியே விட்டதுதான் அது என்று விஞ்ஞானிகள் ஊகிக்கிறார்கள். அது முதலில் கடலில் கரைந்திருந்த இரும்பைத் துருவாக்கியது. பிறகு காற்றில் நிறைந்தது. பழைய உயிர்கள் பலவற்றுக்கு அது விஷம்! மிஞ்சியவற்றில் சில அதையே சுவாசிக்கப் பழகின. அந்த வழியில் வந்தவர்கள்தான் நாம்.

இதையெல்லாம் அவர்களிடம் சொல்லி முடித்தேன். கிணற்றுப் படியில் வழுக்கும் பச்சையைப் பழனிச்சாமி முறைத்தார்.

"அப்ப குத்தவாளி இதுதானா? நாளைக்கே வழிச்சு எறியறேன்."

"எறிங்கண்ணே. அப்புறம் மூச்சுக்கு என்ன செய்வீக?" என்றார் மாரிமுத்து.

நான் காலடியைக் காட்டினேன். அந்தச் செம்மண்ணின் சிவப்பும் இரும்புத் துருதானே? பாறையை மழையும் காற்றும் வேர்களும் அரித்து அரித்து உண்டான மண். அதில்தான் கத்தரி நிற்கிறது. இதில் யார் யாரை உண்டாக்கியது?

"மண்ணு இருக்கட்டும் மாப்ளே. மணி என்ன?"

பதினொன்று ஐந்து.

மாரிமுத்து சாவியை அசைத்தார். பூட்டை லேசாகத் தட்டினார். மறுபடி அசைத்தார்... 'க்ளக்'!

மோட்டார் உறுமியது. தண்ணீர் முதல் பாத்தியைத் தொட்டதும் பழனிச்சாமி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கரண்ட் போனபோது மூன்று பாத்தி பாக்கி. பாசிப் படியில் கால் பதித்துப் பதித்து, மூவரும் குடத்தில் சுமந்து ஊற்றினோம்.

மறுநாள் போனேன். நாற்றெல்லாம் நிமிர்ந்திருந்தது. பூட்டில் எண்ணெய் மினுங்கியது. கிணற்றுப் பாசி மட்டும் அப்படியே.

"ஏன் மச்சான், வழிக்கலையா?"

"மூச்சு முட்டிருமே மாப்ளே!"

எண்ணெய் போட்ட தேதியைக் குறித்துக்கொண்டேன். பாசி முதல் மூச்சு விட்ட தேதிதான் எந்த டைரியிலும் கிடைக்கவில்லை.